வாசகர் வினா – விடை: எல்லை தாண்டும் மழைக் கணக்கு

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துத் தமிழ்வழிப் பள்ளிகள் அயல்நாட்டுப் பள்ளிகளோடு கைகோத்துச் சுற்றுச்சூழல் கல்வியை நடத்த முடியும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் அனுப்பிய கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடிய சில கேள்விகளுக்கு, இந்த எல்லையோரத்தில் நெடுங்காலம் அறிவியல் ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் இங்கே விடை எழுதுகிறேன்.

ஓர் ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை: மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் பள்ளியில் பசுமைப் படை இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 5 அன்று மரக்கன்று நடுகிறோம், பேரணி போகிறோம். அயல்நாட்டுப் பள்ளி ஒன்றின் தொடர்பு கிடைத்தால் அவர்களுக்கு அனுப்ப எங்களிடம் என்ன இருக்கிறது? எதில் தொடங்குவது?

அம்மா, அனுப்புவதற்கு உங்களிடம் நிறைய இருக்கிறது. ஆனால் விழா நாளில் எடுத்த படங்களை அதில் சேர்க்க மாட்டேன். நான் பணியில் இருந்தபோது நடந்ததைச் சொன்னால் காரணம் விளங்கும்.

எங்கள் பள்ளிக்கு ஜெர்மனியின் ஒரு சிற்றூர்ப் பள்ளியோடு கடிதத் தொடர்பு ஏற்பட்டது. அந்த ஆண்டு சுற்றுச்சூழல் நாளில் நாற்பது கன்றுகளை நட்டோம். குடத்தோடு நிற்கும் பிள்ளைகள், பெயர் எழுதிக் கட்டிய அட்டைகள், பின்னணியில் மலை என்று அழகான படங்களை அனுப்பிவைத்தோம். ஜனவரியில் பதில் வந்தது. பாராட்டு இரண்டே வரிதான். மூன்றாவது வரியில், ஒவ்வொரு மரமும் இப்போது எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று கேட்டிருந்தார்கள். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு போய்ப் பார்த்தேன். நாற்பதில் ஒன்பதுதான் உயிரோடு இருந்தன. ஆடு கடித்தவை சில, கணவாய் வழியாக வீசும் மார்கழிக் காற்றில் காய்ந்தவை பல. ஒரு குழியில் வெறும் குச்சி நின்றது. அதில் கட்டிய பெயர் அட்டை மட்டும் வெயிலில் வெளுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெயருக்கு உரிய சிறுமி என்னைப் பார்த்து, "சார், இதையும் எழுத வேண்டுமா?" என்று கேட்டாள்.

எழுதினோம். ஒன்பது மரங்களின் உயரத்தையும் முப்பத்தொரு கன்றுகள் பட்டுப்போன காரணத்தையும் பிள்ளைகளே பட்டியலிட்டார்கள். அடுத்து அங்கிருந்து வந்த கடிதம் முந்தையதைவிட நான்கு மடங்கு நீளமாக இருந்தது. பறவைகளுக்காக அவர்கள் மாட்டிய கூண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பறவைகூட வரவில்லை என்றும், மழைச்சாரல் அடிக்கும் திசையைப் பார்த்து வாசலை வைத்ததே பிழை என்றும் அந்தப் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். எங்கள் இரு பள்ளிகளின் நட்பு உண்மையில் அன்றுதான் தொடங்கியது என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே, இரு பக்கமும் ஒரே பொருளை ஒரே முறையில் அளந்து, அந்தக் கணக்கை மாற்றிக்கொள்வதில் தொடங்குங்கள். மழையைப்போல எளிதானது வேறில்லை. நேரான பக்கங்கள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேற்பகுதியை வெட்டிப் புனலாகக் கவிழ்த்து வையுங்கள். காற்றில் சாயாதிருக்க அடியில் சில கூழாங்கற்களைப் போட்டு, அவை மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்யமாகக் கொண்டு அளவுகோலை ஒட்டுங்கள். மரத்தடியிலும் சுவரோரத்திலும் வைக்க வேண்டாம். அளவு பார்க்கும் பிள்ளை மண்டியிட்டு, நீர்மட்டமும் கண்ணும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பார்க்க வேண்டும். நின்றபடி குனிந்து பார்த்தால் கணக்கு தவறும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டால், 200 சதுர மீட்டர் கூரையுள்ள தங்கள் பள்ளி ஒரு 10 மில்லிமீட்டர் மழையில் 2,000 லிட்டரை ஓடையில் விடுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் முதல் நாளே கற்றுக்கொடுங்கள். மழை பெய்யாத நாளில் 0 என்று எழுத வேண்டும். அளக்க மறந்த நாளில் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. மறந்த நாளுக்கு 0 போட்டுவிட்டால், கணக்கு நிறைவாகத் தெரியும், ஆனால் பொய்யாகிவிடும். பிள்ளைகள் இதைப் புரிந்துகொள்ளும் நாள் சூழல் கல்வியில் மிக முக்கியமான நாள்.

இந்த வழியில் உலகப் பள்ளிகளை இணைக்கும் ஏற்பாடுகள் ஏற்கெனவே உள்ளன. 1994-இல் அறிவிக்கப்பட்டு 1995-இல் தொடங்கிய குளோப் திட்டம், நாசாவின் ஆதரவோடு 120-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. இந்தியா 2000-ஆம் ஆண்டு முதல் அதில் இருக்கிறது. எல்லா நாட்டுப் பிள்ளைகளும் உள்ளூரில் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தை ஒட்டி வெப்பநிலை, மழை, மேகம் ஆகியவற்றைக் குறிப்பதே அதன் வழக்கம். நம் ஊரில் அந்த உச்சி நேரம் கடிகாரத்தின் 12 மணிக்கு வருவதில்லை. இந்திய நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கரேகைக்கு நாம் மேற்கே இருப்பதால், பிப்ரவரியில் ஏறக்குறைய 12.35 ஆகிவிடும். மதிய உணவுக்குத் தட்டைக் கழுவிக்கொண்டு வரிசையில் நிற்கும் அந்த நேரத்திலேயே இரண்டு பிள்ளைகள் ஓடிப்போய் அளவைக் குறித்துக்கொண்டு வந்துவிடலாம்.

ஓர் உதவி ஆசிரியர், எருத்தேன்பதி: பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை, இதற்கெல்லாம் இடமில்லை என்று எங்கள் தலைமை ஆசிரியர் சொல்கிறார். என்ன பதில் சொல்வது?

பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே தீர்ப்பளித்திருக்கிறது என்பதைப் பணிவோடு நினைவூட்டுங்கள். இதைத் தனிப் பாடமாக ஒதுக்காமல் எல்லாப் பாடங்களிலும் கலந்து கற்பிக்க வேண்டும் என்பதுதான் 1977-இல் திபிலிசியில் கூடிய உலக மாநாட்டின் கருத்து. சராசரி காண்பதற்குக் கணக்குப் புத்தகத்தில் உள்ள கற்பனை எண்களுக்குப் பதிலாக உங்கள் மழை அட்டவணையை வைத்தால், கூடுதலாக ஒரு பீரியடும் தேவைப்படாது. மொழிப்பாடத்தில் கடிதம் எழுதும் பயிற்சி எப்படியும் உண்டு. அந்தக் கடிதம் உண்மையாகவே ஒருவருக்குப் போய்ச் சேரட்டும்.

ஒரு தாய், ஒழலப்பதி: என் மகள் தமிழ்வழியில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். அயல்நாட்டுப் பிள்ளைகளோடு பேச வேண்டுமானால் ஆங்கிலம் வேண்டுமே. இது ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய வாய்ப்புதானே?

அப்படி நினைத்துத்தான் நம் பள்ளிகள் பல ஆண்டுகளை வீணாக்கிவிட்டன. வெளிநாடு என்றால் ஆங்கிலம் என்ற எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வரைபடத்தைப் பாருங்கள். மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. இலங்கையில் அறிவியலைத் தமிழிலேயே, நம் மேல்நிலை வகுப்புக்கு இணையான உயர்தரம் வரை படிக்கிறார்கள். இலங்கைக்கும் நமக்கும் கடிகார வேறுபாடுகூட இல்லை. மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி நிற்கும் நிலத்தடி நீரை நம்பித்தான் குடிநீரும் தோட்டமும். தோட்டத்துக்குப் போடும் உரம் அந்தப் பாறை வழியாகக் கிணற்றில் இறங்கிவிடுவதால், நைட்ரேட் அளவு பல கிணறுகளில் வரம்பைத் தாண்டுகிறது. நம் கிழக்குச் சித்தூரும் மழை மறைவுப் பகுதி. கேரளத்தின் சராசரி ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரை ஒட்டியிருக்க, நமக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. ஆழ்துளைக் கிணறுகள் ஆண்டுக்கு ஆண்டு ஆழமாகிக்கொண்டே போகின்றன. இரண்டு ஊரிலும் பனைதான் நிலத்தின் அடையாளம். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் தங்கள் மழை அட்டவணையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றில் ஆனி, ஆடியில் ஏறும் கோடு மற்றொன்றில் ஐப்பசி, கார்த்திகையில் ஏறும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் வேறு வேறு என்பதை எத்தனை முறை பாடம் நடத்தினாலும், அந்த இரண்டு கோடுகள் காட்டுவதுபோலக் காட்ட முடியாது.

மொழியிலும் உங்கள் மகளுக்கு ஒரு மகிழ்ச்சி காத்திருக்கிறது. நாம் கார்பன் டை ஆக்சைடு என்பதை அவர்கள் காபனீரொட்சைட்டு என்பார்கள், நைட்ரேட்டை நைத்திரேற்று என்பார்கள். ஒரே மொழியில் அறிவியலை இரண்டு விதமாகச் சொல்ல முடியும் என்று தெரிந்துகொள்ளும் பிள்ளைக்குத் தாய்மொழி மீதுள்ள கூச்சம் போய்விடும். ஆங்கிலத்தையும் கற்கட்டும், ஜெர்மனிக்கும் கென்யாவுக்கும் எழுதட்டும். ஆனால் முதல் கடிதம் தமிழில் இருந்தால் அது குறைந்தது என்று எண்ண வேண்டாம்.

ஓர் ஆசிரியர், பொள்ளாச்சி வட்டம்: எங்கள் பள்ளி தமிழ்நாட்டுப் பக்கம், எல்லையை ஒட்டியிருக்கிறது. ஆழியாற்றுத் தண்ணீருக்காக இரு மாநிலமும் வாதாடிக்கொண்டிருக்கும்போது, கடல் கடந்த பள்ளிகளைத் தேடுவதற்கு முன் பக்கத்தில் இருக்கும் கேரளப் பள்ளியோடு சேர முடியாதா?

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். முடியும் என்பதோடு, அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பேன்.

1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தப்படி, ஜூலையில் தொடங்கும் ஒவ்வொரு நீராண்டிலும் இரு மாநில எல்லையில் உள்ள மணக்கடவில் 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர். உங்கள் மாணவர்கள் அந்த எண்ணை 'நாம் கொடுப்பது' என்று கேட்டு வளர்கிறார்கள். எங்கள் மாணவர்கள் அதையே 'நமக்கு வர வேண்டியது' என்று கேட்டு வளர்கிறார்கள். தண்ணீரோ எல்லைக்கல்லைப் பார்க்காமல் சித்தூர்ப்புழையாகிப் பாரதப்புழையில் சேர்ந்து பொன்னானியில் கடலை அடைகிறது. மேலேயும் கீழேயும் உள்ள இரண்டு பள்ளிகள் ஒரே நாளில் ஆற்று நீரின் வெப்பநிலை, கலங்கல், கரையில் கிடக்கும் குப்பை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு மாதம் ஒருமுறை மாற்றிக்கொண்டால், ஆறு ஒன்று என்பது அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டிய செய்தியாக இருக்காது. பிள்ளைகளை ஆற்றில் இறக்காமல் கயிறு கட்டிய வாளியில் நீரை மொண்டு அளக்கச் செய்யுங்கள். அணை திறக்கும் காலத்தில் கரைக்கே போக வேண்டாம்.

இதற்கு உலகில் நல்ல முன்மாதிரி உண்டு. பால்டிக் கடல் மாசுபட்டுக் கிடந்தபோது, 1989-இல் பின்லாந்தின் முயற்சியால் அந்தக் கடலைச் சுற்றியுள்ள ஒன்பது நாடுகளின் பள்ளிகளை இணைக்கும் பால்டிக் கடல் திட்டம் தொடங்கியது. 1953 முதல் இயங்கிவரும் யுனெஸ்கோ பள்ளி வலையமைப்பின் பகுதி அது. ஐரோப்பா இரண்டு முகாம்களாகப் பிரிந்து நின்ற காலத்தின் கடைசி ஆண்டு 1989 என்பதை எண்ணிப் பாருங்கள். கடற்கரை, நீரின் தரம், பறவைகள், ஆறுகள் என்று ஒவ்வொன்றுக்கும் பொதுவான அளவைமுறையை வகுத்துக்கொண்டு, எதிர் எதிர் முகாம்களைச் சேர்ந்த பிள்ளைகள் ஒரே கடலை அளந்தார்கள். அதுபோலப் பத்து நாடுகளின் வழியே ஓடும் டான்யூப் ஆற்றுக்கும், அதைப் பாதுகாக்கும் பன்னாட்டு ஆணையம் பல மொழிகளில் பள்ளிகளுக்கென்றே ஒரு பாடப் பெட்டியைத் தயாரித்திருக்கிறது. ஜூன் 29-ஆம் தேதியை டான்யூப் நாளாக அந்த நாடுகள் கொண்டாடுகின்றன. ஆழியாற்றுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. இரண்டு பள்ளிகள் நினைத்தால் ஒரு நாளைக் குறிக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு பள்ளிகளும் ஓராண்டு சேர்ந்து அளந்த கணக்கோடு பிறகு ஒரு டான்யூப் கரைப் பள்ளிக்கு எழுதினால், அந்தக் கடிதத்துக்கு இருக்கும் மதிப்பே வேறு.

ஒரு விவசாயி, வடகரப்பதி: காரும் ஏசியும் இல்லாமல் வாழும் எங்கள் பிள்ளைகளுக்குச் சிக்கன வாழ்க்கையை வெளிநாட்டுக்காரர்கள் கற்றுத்தர வேண்டுமா? பூமியைக் கெடுத்தவர்கள் அவர்கள்தானே?

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஓர் இந்தியரின் பங்குக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஜெர்மானியருக்கு அது 7 டன்னை ஒட்டியும் அமெரிக்கருக்கு 14 டன்னை ஒட்டியும் இருக்கிறது. இந்த எண்களை மறைத்துவிட்டு நம் பிள்ளைகளிடம் மட்டும் விளக்கை அணை, குழாயை மூடு என்று சொல்வது கல்வி ஆகாது. இவற்றை இரு நாட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கூட்டுறவைக் கேட்கிறேன். நம் பிள்ளை கேட்கும் கேள்விக்கு அங்குள்ள பிள்ளை பதில் தேட வேண்டும். அந்தப் பிள்ளை தன் வீட்டில் போய் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

அதே சமயம், பிளாஸ்டிக் உறையை வாசலில் கொளுத்துவது நம் வழக்கம்தான். தண்ணீர் கிடைக்காத கிணற்றுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஆழ்துளைக் கிணறு போடுவதும் நாம்தான். இங்கே கேரள உள்ளாட்சிகளின் குப்பை சேகரிப்புக் குழுவான ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதந்தோறும் வீடு தேடி வந்து, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை வாங்கிப் போகிறார்கள். அந்த ஏற்பாட்டைப் பற்றி நம் பிள்ளைகள் எழுதியபோது, ஜெர்மன் பிள்ளைகள் தங்கள் ஊரில் 2003 முதல் நடக்கும் முறையை எழுதினார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம், பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பும். இதை வகுப்பில் வாசித்தபோது ஒரு பையன் வீட்டில் பாட்டியிடம் சொல்லியிருக்கிறான். "நம்ம சோடாக் கடையில் பாட்டிலுக்கு முன்பணம் வாங்கித்தானே கொடுத்தார்கள்" என்று பாட்டி சொன்னாராம். அடுத்த கடிதத்தில் ஜெர்மனிக்குப் போனது அந்தப் பாட்டியின் சோடா பாட்டில் கதைதான். கொடுப்பவர் அவர்கள், வாங்குபவர் நாம் என்ற நிலை அங்கே இல்லை.

ஒரு தந்தை, மீனாட்சிபுரம்: சூழல் பயணம் என்று சொல்லி என் மகனின் பள்ளியில் ஐரோப்பாவுக்கு அழைத்துப் போகப் பெருந்தொகை கேட்கிறார்கள். கடன் வாங்கியாவது அனுப்பலாமா?

வேண்டாம். போக வர அந்த விமானப் பயணத்தில் மட்டும் உங்கள் மகனின் பங்குக்கு ஒரு டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு சேரும். கற்க வேண்டியதைக் கடிதத்திலும் காணொளி உரையாடலிலும் கற்க முடியும். குளிர்காலத்தில் இங்கே பிற்பகல் 1.30 ஆகும்போது ஜெர்மனியில் காலை 9 மணி, இரண்டு பக்கமும் வகுப்பு நேரம். பிள்ளைகளின் முகம் திரையில் வரும் என்பதால் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதலையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் இசைவையும் பள்ளி முன்கூட்டியே பெற வேண்டும். நீங்கள் வலியுறுத்த வேண்டியது அதைத்தான்.

ஒரு தலைமை ஆசிரியை, வேலந்தாவளம்: பசுமைக் கொடி விருது பெற்ற பள்ளிகளைப் பற்றிப் படித்தேன். அதற்கு நாங்கள் முயலலாமா?

தாராளமாக முயலுங்கள். அது சூழல் பள்ளிகள் திட்டத்தின் விருது. 1994-இல் டென்மார்க், ஜெர்மனி, கிரீஸ், பிரிட்டன் ஆகிய நாடுகளில் தொடங்கிய அத்திட்டத்தின் தலைமையகம் கோபன்ஹேகனில் இருக்கிறது. இந்தியாவில் அகமதாபாத்தின் சுற்றுச்சூழல் கல்வி மையம் அதை நடத்துகிறது. அதில் ஏழு படிகள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது முதல் படி: மாணவர்கள் பெரும்பங்கு வகிக்கும் ஒரு குழு அமைய வேண்டும். இரண்டாவது படியில் அந்தக் குழு பள்ளியின் தண்ணீர், குப்பை, மின்சாரம் ஆகியவற்றை உள்ளது உள்ளபடி ஆய்ந்து எழுத வேண்டும். கொடிக்காக ஆசிரியர்களே இரவோடிரவாகக் கோப்புகளை நிரப்பும் நிலை வந்தால், அந்த ஆண்டு விண்ணப்பிக்காமல் விட்டுவிடுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, கோவிந்தாபுரம்: ஐயா, எங்கள் பள்ளியில் இப்படி எதுவும் இல்லை. நான் ஒருத்தி மட்டும் ஏதாவது செய்ய முடியுமா?

செய்ய முடியும், மகளே. உன் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு மரத்தைத் தேர்ந்துகொள். கொன்றை, புளி, வேம்பு, மா, பலா, எதுவானாலும் சரி. வாரம் ஒருநாள், அதே கிழமையில், அந்த மரத்தின் முன் இரண்டு நிமிடம் நின்று பார். தளிர் உண்டா, முற்றிய இலை உண்டா, மொட்டு, பூ, காய், பழம் உண்டா, இருந்தால் கொஞ்சமா நிறையவா என்று குறித்துக்கொள். சீசன்வாட்ச் என்ற இந்தியத் திட்டத்தில் இப்படித்தான் ஆயிரக்கணக்கான மாணவர்கள் மரங்களைக் கவனிக்கிறார்கள். கேரளத்துப் பிள்ளைகள் அதில் முன்னணியில் இருக்கிறார்கள். தனி ஒருத்தியாகவும் நீ அதில் சேரலாம். சித்திரையில் வரும் விஷுவுக்குப் பூக்க வேண்டிய கொன்றை தை, மாசியிலேயே பூத்துவிடுகிறது என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பாய். அது எந்த மரத்தில், எந்தத் தேதியில் என்று எழுதிவைத்தவர்கள் நம் ஊரில் அநேகமாக இல்லை. ஜப்பானில் செர்ரிப் பூ மலரும் நாளை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக எழுதிவைத்திருக்கிறார்கள். வசந்தம் இப்போது எவ்வளவு முந்தி வருகிறது என்று அறிவியலாளர்கள் அந்தக் குறிப்புகளிலிருந்து கணக்கிடுகிறார்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் மரத்தின் பெயர், அது நிற்கும் இடம், நீ பார்க்கத் தொடங்கிய தேதி ஆகியவற்றை எழுது. காய்ச்சலில் போக முடியாத வாரத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிடு. அடுத்த விஷுவுக்குப் பிறகு அந்த நோட்டைப் படியெடுத்து எனக்கு அனுப்பு. யாழ்ப்பாணத்தில் ஒரு கொன்றையைப் பார்த்துக்கொண்டிருக்கும் உன் வயதுப் பிள்ளை ஒருத்தியை அதற்குள் தேடி வைக்கிறேன்.